ராமபத்ரன் வாங்கி வந்த பவர் சப்ளை

மட்டாஞ்சேரி மிளகுத் தரகர் ராமபத்ரனுக்கு ஐம்பது வயதுக்குள் ஒரு பெயர் நிலைத்துவிட்டது: எதையும் சொன்ன விலைக்கு வாங்காதவர். அந்தப் பெயரைச் சூட்டியவரும் அவரேதான். மருந்துக்கடையில் காய்ச்சல் மாத்திரைக்குப் பேரம் பேசியவர். தன் கல்யாணத்தில் நாதஸ்வரக்காரரைக் கூப்பிட்டு, ஒரு கீர்த்தனையைக் குறைத்துக்கொண்டு கூலியையும் குறைக்கச் சொன்னவர்.

மிளகு விஷயத்தில் மட்டும் குறை சொல்ல முடியாது. ஒரு கைப்பிடி அள்ளி ஊதிப் பார்த்தே பப்பாளி விதை கலந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார். ஆனால் உலகத்தில் விற்கிற மற்ற சாமான்களும் ஏதோ ஒருவகை மிளகுதான் என்று அவர் நம்பியதுதான் வினை.

மனைவி கங்காவுக்கு வீட்டிலேயே வேலை. கட்டப்போகும் வீடுகளின் வரைபடங்களைக் காண்டிராக்டர்கள் அனுப்புவார்கள். அடுக்களையும் ஹாலும் முடிந்தபின் எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் நிஜம்போலப் படமாக்கித் தருவாள். பழைய கிராபிக்ஸ் கார்டு ஒரு படத்துக்கு அரைநாள் முக்கி முனகியது. தன் சம்பாத்தியத்தில் புதுக் கார்டு வாங்கினாள். அதன் பசிக்குப் பழைய பவர் சப்ளை போதாது. கம்ப்யூட்டருக்குள் மின்சாரத்தைப் பங்கிடும் அந்தப் பெட்டியையும் மாற்ற வேண்டும். அறுநூற்றைம்பது வாட், பெயரெடுத்த கம்பெனி, ஐந்து வருட உத்தரவாதம், கைக்கு அடங்கிய விலை என்று ஒன்றைத் தேடிப் பிடித்து ஆர்டர் போடப் போனபோது, ராமபத்ரன் பின்னால் வந்து நின்றார்.

"ஒரு தகரப் பெட்டிக்கு இத்தனை விலையா? நிறுத்து. நான் போய் வாங்கிண்டு வரேன்."

"ஏன்னா, இது பேரம் பேசி வாங்கற ஸாமானம் இல்லை. மோசமா அமைஞ்சா கார்டும் சேர்ந்து போயிடும்."

"முப்பது வருஷமா பஜார்ல நிக்கறவன் நான். எங்கிட்ட பறையாதே."

படகேறி எறணாகுளம் போனார். பெரிய கடை. கவுண்டரில் இருந்த பெண், "கார்டு ஏதாணு சேட்டா?" என்று கேட்டாள். கார்டு எதுவென்று அவருக்கு எப்படித் தெரியும்? "கார்டு ஆத்துல பத்திரமா இருக்கு. நீ பெட்டி விலையைச் சொல்லு" என்றார். கங்கா சொன்ன அதே பெட்டியை அவள் எடுத்து வைத்தாள். பாதி விலைக்குக் கேட்டார். அவள் சிரித்தாள். பின்னாலேயே கூப்பிடுவாள் என்று மாடிப்படியில் மெதுவாக இறங்கினார். கீழ்ப்படியில் நின்று செருப்பு வாரைக்கூடச் சரிசெய்தார். யாரும் கூப்பிடவில்லை.

மறுநாள் பள்ளுருத்தியில், மொபைல் உறை விற்கும் பாண்டியராஜன் கடையில் அவருக்கு அதிர்ஷ்டம் அடித்தது. எண்ணூறு வாட் என்று தங்க எழுத்து மின்னும் பெட்டி. அதன் மேல் 'எண்பத்தைந்து பிளஸ்' என்று முத்திரை. நல்ல பவர் சப்ளைகளுக்குத் தருவது 'எண்பது பிளஸ்' முத்திரை. எண்பத்தைந்து என்று ஒன்று கிடையவே கிடையாது. ராமபத்ரனுக்கோ அஞ்சு இலவசமாகக் கிடைத்த பூரிப்பு. பெட்டியைக் கையில் தூக்கிப் பார்த்தார். நல்ல கனம். கேட்ட விலையே எறணாகுளம் விலையில் மூன்றில் ஒரு பங்குதான். அதையும் அடித்துக் குறைத்து, மவுஸ் பேட் ஒன்றையும் ஓசியில் வாங்கிக்கொண்டார்.

கங்கா பாங்குக்குப் போயிருந்த சமயம் பார்த்து, பாண்டியராஜனையே அழைத்து வந்து மாட்டியும் விட்டார். அவள் திரும்பியபோது கம்ப்யூட்டர் எரிந்துகொண்டிருந்தது, விளக்கு எரிவதைத்தான் சொல்கிறேன்.

"கண்டயா? ஓடறதா இல்லையா?"

கங்கா முத்திரையைப் பார்த்துத் தலையில் கைவைத்தாள். ஒரு அடுக்களைப் படத்தை ஓடவிட்டாள். புதுக் கார்டு முழு மூச்சில் வேலையைத் தொடங்கியதும் எல்லாம் பொட்டென்று அணைந்தது. மறுபடி ஓடவிட்டாள். மறுபடி அணைந்தது.

"கரண்ட்தான் சரியில்லை" என்றார் ராமபத்ரன். லைன்மேன் வந்து பார்த்து, கரண்டில் ஒரு குறையும் இல்லை என்றார். ராமபத்ரன் ஒரு ஸ்டெபிலைசர் வாங்கினார். சூடு என்று சொல்லி ஒரு மேஜை விசிறி வாங்கினார். மிச்சம் பிடித்த பணம் இந்த இரண்டிலேயே தீர்ந்தது. கடைசியில் மனைவியிடம் மெதுவாக, "அந்த அடுக்களையைக் கொஞ்சம் சின்னதா வரைஞ்சா என்ன?" என்று கேட்டார்.

கங்கா ஸ்குரூ டிரைவரை எடுத்தாள். புதுக் கார்டைக் கழற்றி அலமாரியில் வைத்தாள். பழையதை மாட்டினாள். தான் முதலில் பார்த்து வைத்த பவர் சப்ளைக்கு ஆர்டர் போட்டாள்.

அது வந்து சேருவதற்குள் சக தரகர் வெங்கிடாசலம் சாயா குடிக்க வந்தார். ராமபத்ரனுக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஏது? "எண்ணூறு வாட்டாக்கும். தொட்டுப் பாரும், சூடே தெரியாது" என்று சொல்லி வாய் மூடவில்லை, டபாரென்று ஒரு சத்தம். கருகல் நாற்றத்தோடு புகை. வீட்டு விளக்குகள் அத்தனையும் போயின. வெங்கிடாசலத்தின் சாயா அவர் மடியில் கொட்டியது. கங்கா வந்து நிதானமாக ஜன்னல்களைத் திறந்துவிட்டாள்.

நன்றாக ஆறியபின் பெட்டியைப் பிரித்துப் பார்த்தார்கள். சுண்டைக்காய் அளவுக்கு இரண்டு சுருள், கருகின பலகை ஒன்று. மீதிக் கனத்துக்குப் பசைபோட்டு ஒட்டிய சிமென்டுக் கட்டி. பப்பாளி விதையை ஊதிக் கண்டுபிடிப்பவர் சிமென்டைக் காசு கொடுத்துச் சுமந்து வந்திருக்கிறார். ராமபத்ரன் அந்தக் கட்டியை விரலால் சுரண்டிப் பார்த்துக்கொண்டே நின்றார். கங்காவுக்கே பாவமாகப் போய்விட்டது.

அந்தப் பாவம் மறுநாள் காலைவரைதான் தாங்கியது. ராமபத்ரன் பள்ளுருத்திக்குச் சண்டைக்குக் கிளம்பினார். பாண்டியராஜன் அசரவில்லை. "சாமி, நீங்க வெலையைக் கொறைக்கக் கொறைக்க கேரண்டியும் கூடவே கொறஞ்சு போச்சு" என்றான்.

கங்காவின் பெட்டி வந்தது. அலமாரியில் வைத்த புதுக் கார்டோடு சேர்த்து அவளே மாட்டினாள். ஒரு கப் காப்பி ஆறுவதற்குள் படம் முழுதாக வந்து நின்றது. வாசலில் நின்று பார்த்த ராமபத்ரன், "நான்தான் அப்பவே சொன்னேனே, நல்லதா வாங்கணும்னு" என்றார்.

இப்போது பஜாரில் அவர் சொல்லும் கதை வேறுமாதிரி நடக்கிறது. அதில் அவர் சந்தேகப்பட்டே அந்தப் பெட்டியை வாங்கினார். கையோடு பிரித்து மோசடியை வெளிப்படுத்தினார். கேட்கிறவர்கள் தலையாட்டுகிறார்கள். சென்ற வாரம் வெங்கிடாசலம் தன் ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் வாங்க யோசனை கேட்டு வீட்டுக்கு வந்தார். ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ராமபத்ரன் கண்ணில் படாதபடி, பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றி அடுக்களை வாசலுக்கு வந்து கங்காவைக் கூப்பிட்டார்.

"யாரு அங்கே?" என்றார் ராமபத்ரன் உள்ளிருந்து.

"ஆருமில்லை, மீன்காரனாக்கும்" என்றாள் கங்கா, மீனே வாங்காத அந்த வீட்டில் நின்று.