கெளுத்தி குத்திய கை

மார்க்கெட்டில் அலுமினியச் சட்டிக்குள் கெளுத்தி கர்கர்ரென்று முனகியது. "உசுரோட கெடக்கு ஆச்சி, கைய விட்டுப் பாருங்க" என்றான் மீன்காரன். என் வலது கை தானாக முதுகுக்குப் பின்னால் போனது.

நான் சிறுமியாக இருந்தபோது ஒரு சண்டைக்காலம். பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருந்த அப்பா அன்று சாயங்காலம் ரயிலேற வேண்டும். அவருக்குக் கெளுத்திக் குழம்பு வைத்துக் கொடுக்க அம்மாவுக்கு ஆசை. வற்றிக்கொண்டிருந்த கண்மாய்க்கு என்னையும் கூட்டிப்போனாள். சேற்றில் குமிழி வரும் இடம் பார்த்து, அடியில்லாத மூங்கில் கூடையான ஊத்தாவை அமுக்கினாள். உள்ளே ஏதோ மோதியது. மேல்வாய் வழியாகக் கையை விட்டவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"பாம்பாம்மா?"

"செத்த நேரம் பேசாம இருட்டி."

கை வெளியே வந்தபோது பிடியில் மீன் இருந்தது. அதன் முள் உள்ளங்கையில் இறங்கியிருந்தது.

"அப்பாகிட்ட சொல்லிராத. அவிய மனசு இங்கயே கெடக்கும்" என்று வீங்கிய கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். குழம்பை நான்தான் பரிமாறினேன்.

ரயில் நகர்ந்தது. அப்பா ஜன்னலில் கையாட்டினார். அம்மாவால் வலது கையைத் தூக்க முடியவில்லை. சண்டைக்குப் போகிறவரை இடது கையால் வழியனுப்பவும் மனமில்லை. சட்டென்று என் வலது கையைப் பிடித்து உயர்த்தினாள். "நல்லா ஆட்டுட்டி."

அந்தக் கைக்கு ஒன்று ஆனால் அப்பாவுக்கும் ஆகிவிடும் என்று எனக்கு எப்படியோ தோன்றிவிட்டது. அவர் திரும்பும்வரை எந்தப் பொந்திலும் எந்தத் தண்ணீரிலும் அதை நான் விடவில்லை.

அப்பா நல்லபடியாக வந்தார், கிழவராகித்தான் செத்தார். கைக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.