கண்ணில் ஒற்றிய டேப்

முதல் நாள்

என் முதல் நாளில் ஆட்களைப் பார்க்கவில்லை, கணுக்கால்களைத்தான் பார்த்தேன். சிகிச்சை மேசையின் விளிம்பில் வரிசையாகத் தொங்கின. அவற்றின் சொந்தக்காரர்கள் எங்கோ மேலே, விளக்குக்குப் பக்கத்தில் இருந்தார்கள். பல்கலைக்கழக ஆண்கள் கைப்பந்து அணி அது. அதில் மிகக் குட்டையானவனின் தோள்வரை நான் வந்தால் அதிகம்.

அது இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. ஜெர்மனியில் பிசியோதெரபி ஆவுஸ்பில்டுங், அதாவது மூன்று வருடத் தொழில் பயிற்சி, முடித்து, எல்லை தாண்டி நெதர்லாந்தில் ஒரு பட்டமும் எடுத்திருந்தேன். பிறகு விளையாட்டு அறிவியலில் முதுகலைக்குச் சேர்ந்தேன். கூடவே ஒரு ஹீவி வேலை கிடைத்தது. படித்துக்கொண்டே பேராசிரியருக்கு வேலை செய்யும் உதவியாளர்களை ஜெர்மனியில் ஹீவி என்பார்கள். என் வேலை இரண்டு: அணியின் கால் கைகளைக் கவனிப்பது, பேராசிரியரின் ஆய்வுக்கு அதே கால்களை அளப்பது. ஃபெர்ட்ராக், அதாவது வேலை ஒப்பந்தம், ஒரு செமெஸ்டருக்குத்தான். நீடிப்பதும் விடுவதும் பேராசிரியர் கையில் இருந்தது. நீடிக்காவிட்டால் படிப்பை விட்டுவிட்டு, வீடு இருக்கும் ஹம் நகரத்தில் முன்பு வேலை செய்த கிளினிக்குக்கு முழுநேரமாகத் திரும்ப வேண்டும்.

ஹம்மில் என் அம்மாவுக்கு அதுவே சந்தோசமாக இருந்திருக்கும். "இவ்வளவு படிச்சும் பொடியங்கட காலைத்தானே பிடிக்கிறாய்," என்றார்.

பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பேராசிரியருக்குத் தமிழ் தெரியாதுதான், ஆனால் தனக்குத் தெரியாததை அவர் இலேசில் விடுகிறவர் இல்லை. ஜெர்மனில் பேசியவர்கள் எல்லோரும் இங்கே யாழ்ப்பாணத் தமிழ் பேசுவார்கள். எனக்கு அப்படித்தான் ஞாபகம் இருக்கிறது.

கதைக்கு வருகிறேன். கணுக்காலைச் சுற்றிக் கட்டும் புது டேப் சுருளை எடுத்தேன். எங்கள் வீட்டில் கார்ச் சாவியிலிருந்து பிரஷர் குக்கர் வரை எந்தப் புதுப் பொருளும் கண்ணைத் தொடாமல் வேலைக்குப் போனதில்லை. கை தன்பாட்டில் போனது. சுருளை வலது கண்ணிலும் இடது கண்ணிலும் ஒற்றிக்கொண்டேன்.

"அது என்ன?" என்று மேலேயிருந்து ஒரு குரல் கேட்டது. லூக்காஸ், அணியின் கப்டன்.

"ஒண்டுமில்லை. பழக்கம்."

அந்தச் சனிக்கிழமை, அதுவரை ஒருமுறைகூட வெல்லாத ஓர் அணியை வென்றார்கள். அங்கேதான் என் நிம்மதி போனது.

பகுத்தறிவுள்ள பொறியியலாளர்கள்

அணியில் அநேகர் இயந்திரவியல் படித்தார்கள். எதையும் அளந்து பார்க்காமல் நம்பாத பிள்ளைகள். அடுத்த சனிக்கிழமை லூக்காஸ் காலை நீட்டிவிட்டு, நான் கட்டத் தொடங்கியதும் பட்டென்று இழுத்துக்கொண்டான்.

"கண்ணிலை வைச்சனியோ? நான் காணேல்லை."

"வைச்சனான்."

"திரும்ப வை. நான் பாக்கவேணும்."

வைத்தேன். வென்றார்கள். அதற்குப் பிறகு ஒற்றாத டேப்பை ஒருவனும் காலில் பட விடவில்லை.

சிக்கல் ஆய்வில் வந்தது. கணுக்காலுக்கு டேப் நல்லதா, கயிறு இழுத்துக் கட்டும் உறை நல்லதா, எதைப் போட்டால் குதிப்பது குறைகிறது என்பதுதான் பேராசிரியரின் கேள்வி. சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேருக்கு டேப், மீதிப் பேருக்கு உறை. உறைக்காரர்கள் போர்க்கொடி தூக்கினார்கள். "அவங்களுக்கு மட்டும் கண், எங்களுக்கு இல்லையோ?" ஒருவன் உறைக்குள்ளே களவாக டேப் துண்டு ஒன்றை ஒட்டிக்கொண்டு வந்து குதித்தான். நன்றாகத்தான் குதித்தான்.

பேராசிரியர் இறங்கி வந்தார். மெலிந்த மனிதர், குரலை உயர்த்தாதவர். என் அப்பாவின் பெயர்தான் இங்கே என் குடும்பப் பெயராகப் பதிவாகியிருந்ததால், என்னை எப்போதும் ஃப்ராவ் என்ற மரியாதைச் சொல்லோடு அப்பாவின் பெயரால்தான் கூப்பிடுவார்.

"ஃப்ராவ் கனகரட்ணம், நீங்கள் என்ர பாதி ஆய்வுக்கு ஆசீர்வாதம் குடுத்திருக்கிறியள். இப்ப நான் எதை அளக்கிறது? டேப்பையோ, உங்கட கண்ணையோ?"

வேலை போயிற்று என்றே நினைத்தேன். வாய் மட்டும் எப்படியோ பேசியது. "அப்பிடியெண்டால் உறையையும் ஒத்துவம், பேராசிரியர். எல்லாருக்கும் ஒரே மாதிரி எண்டால் வித்தியாசம் வராதுதானே."

அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"ரெண்டு கண்ணுமோ?"

"ஓம்."

"எவ்வளவு நேரம்?"

இப்படித்தான் ஒரு ஜெர்மன் ஆய்வின் செய்முறையில், 'கருவியை உதவியாளர் முதலில் வலது கண்ணிலும் பிறகு இடது கண்ணிலும் தொடுவார்' என்ற வரி ஏறியது. அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். "அப்ப இனி நல்லெண்ணெயும் பூசச் சொல்லி எழுது," என்றார்.

உள்ளதைச் சொன்னால் எனக்கு அது பிடித்துப்போயிற்று. அந்த நெட்டைப் பையன்கள் என் கையை அப்படி நம்பியது பெருமையாக இருந்தது.

லூக்காஸின் வலது கால்

பருவத்தின் கடைசி ஆட்டம். வென்றால் மேல் லீகுக்குப் போகலாம். அதற்கு முந்திய பயிற்சியில் லூக்காஸ் வலைக்குக் கீழே இன்னொருவனின் பாதத்தின்மேல் இறங்கினான். கைப்பந்தில் கணுக்கால் போவது பெரும்பாலும் அப்படித்தான். வெளிப்பக்கம் முட்டையளவு வீங்கியது. தொட்டுப் பார்த்தேன். தசைநாரில் பிடிப்பே இல்லை. டொக்டரைப் பார்க்க டெர்மின், முன்பதிவு நேரம், திங்கட்கிழமைதான் கிடைத்தது. அதுவரை விளையாடலாமா கூடாதா என்பதை நான்தான் சொல்லவேண்டும்.

"ஏலாது," என்றேன்.

பயிற்சியாளர் சத்தமாகப் பேசுகிறவர். அன்று மட்டும் மெதுவாகப் பேசினார். "டேப் போட்டா விளையாடுவான். யோசிச்சுச் செய். பேராசிரியர் ஒரு ஆட்டமும் விடாமல் வந்து பாக்கிறவர். உன்ர அடுத்த ஃபெர்ட்ராக்கிலை ஆர் கையெழுத்து வைக்கிறது எண்டு தெரியும்தானே."

தெரியும். வீட்டுக்குப் போகும் ரயிலில் அதைத் தவிர வேறு எதையும் நான் நினைக்கவில்லை.

ஆட்டத்தன்று லூக்காஸ் நொண்டிக்கொண்டு வந்து மேசையில் ஏறிக் காலை நீட்டினான். அணி முழுதும் சுற்றி நின்றது. வாசலில் பேராசிரியரும் நின்றார்.

"கட்டு, நிரோ. கண்ணிலை ஒத்திப்போட்டுக் கட்டு. உன்ர டேப் இருந்தா எனக்கு ஒண்டும் நடக்காது."

பகிடிக்குச் சொல்கிறான் என்று நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன். பகிடி இல்லை. உண்மையாகவே நம்பினான். சுருளை மேசையில் வைத்தேன்.

"லூக்காஸ், அது உன்ர காலுக்கில்லை. முதல் நாள் உங்களையெல்லாம் பாத்து எனக்குச் சரியான பயம். என்ர கை நடுங்கக்கூடாது எண்டுதான் கண்ணிலை வைச்சனான். அது என்ர கைக்கு மட்டும்தான் வேலை செய்யும். உன்ர தசைநாருக்குச் செய்யாது."

"பொய் சொல்லுறாய்."

"அப்ப அந்தக் காலிலை மட்டும் எழும்பி நில். நிண்டால் கட்டுறன்."

நின்றான். உடனே என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அந்தப் பிடியில் அவனுக்கும் விளங்கிவிட்டது. போய், விளையாடாதவர்கள் இருக்கும் வாங்கில் உட்கார்ந்தான்.

தோற்றோம். கொஞ்சமாக அல்ல, நன்றாகவே. உடை மாற்றும் அறையில் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஹம் வரை அழுதுகொண்டே போனேன். டிக்கெட் பார்க்க வந்தவர் டிக்கெட்டே கேட்காமல் போய்விட்டார்.

கதவுக்கு வெளியே

அடுத்த வாரம் பேராசிரியர் கூப்பிட்டார். கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். என்னை அனுப்பிவிடுவதற்கு இவ்வளவு மரியாதையா என்று நினைத்தேன்.

"தோத்திட்டம், ஃப்ராவ் கனகரட்ணம்."

"ஓம்."

"தசைநார் பாதி கிழிஞ்சிருக்காம். விளையாடியிருந்தா மீதியும் போயிருக்கும் எண்டு டொக்டர் சொன்னவர்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏலாது எண்டு சொல்லத்தான் உங்களை வைச்சிருக்கிறன். ஓம் எண்டு சொல்ல இங்க கனபேர் இருக்கினம். என்ர பக்கத்திலை பிரச்சினை இல்லை. ஆனால் ஆய்வுக்குக் காசு நீடிச்சால்தான் உங்களுக்கும் ஃபெர்ட்ராக். இப்ப காசு குடுக்கிற குழுவுக்கு முன்னால போய்க் கேக்கவேணும். நீங்களும் வாங்கோ."

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். உங்களுக்குத் தைரியம் தருகிற எதையும் வைத்துக்கொள்ளுங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஆனால் அது உங்கள் கைக்கானது. அதை நம்பி அடுத்தவர் அடிபட்ட காலை ஊன்ற விடாதீர்கள். அந்தக் குழு காசைத் தந்தது. நான் படிப்பை முடித்தேன். லூக்காஸ் அடுத்த பருவம் விளையாடினான்.

ஆனால் எனக்கு மறக்காமல் இருப்பது, அன்று குழு கூடிய அறைக்கு வெளியே நடந்தது. எத்தனையோ மாநாடுகளில் பேசிய மனிதரின் கையிலிருந்த கோப்பு நடுங்கியது. நடைக்கூடத்தை இரண்டு பக்கமும் பார்த்தார். ஆள் இல்லை. மெல்லக் கோப்பைத் தூக்கி வலது கண்ணில் ஒற்றினார்.

"கைக்குத்தான்," என்றார். "லூக்காஸுக்குச் சொன்னது எனக்கும் கேட்டது."

உள்ளே எங்களைக் கூப்பிட்டார்கள். அவர் கதவில் கை வைத்துவிட்டார்.

"பேராசிரியர்," என்றேன், "இடது கண்."

"ஓம், ஓம்," என்று அவசரமாக ஒற்றிக்கொண்டு கதவைத் திறந்தார்.