எடைமேடைக்கு நெட் வந்த கதை

நேற்று வரை நன்றாக ஓடிய கம்ப்யூட்டர்களை மட்டுமே பழுது பார்க்கும் தொழில் என்னுடையது. வேறு மாதிரி சொல்லிக் கூப்பிட்டவர் இதுவரை யாருமில்லை. லினக்ஸில் வைஃபை டாங்கிளை மாட்டிவிட்டு நொந்துபோனவர்கள் இதைப் படித்தால், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளுங்கள்.

மாட்டினால் போதும்

தூத்துக்குடிக்குத் தெற்கே ஓர் உப்பளம். உப்பு லாரிகளை எடை போடும் மேடை, பக்கத்தில் ஓர் அறை, அதில் லினக்ஸ் ஓடும் பழைய கம்ப்யூட்டர், அதன் முன்னால் பால்பாண்டி அண்ணாச்சி. ஓட்டப்பிடாரத்துக்காரர். பத்தொன்பது வருஷமாக லாரி நம்பரையும் எடையையும் டவுன் ஆபீசுக்குப் போனில் வாசித்துக்கொண்டிருந்தார். இனி எல்லாம் நெட்டில் வரவேண்டும், வராவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று முதலாளியின் மகன் சொல்லிவிட்டார். அண்ணாச்சிக்கு ஐம்பத்து மூன்று வயது. மகள் நர்சிங் கடைசி வருஷம். பயந்துபோய் என்னைக் கூப்பிட்டார்.

ரௌட்டர் தள்ளி குடோனில் இருந்தது. வயர் இழுத்தால் லாரி ஏறி நசுக்கிவிடும். வைஃபையைப் பிடிக்கும் விரல் நீள யுஎஸ்பி டாங்கிள் ஒன்றைக் கொடுத்து, மாட்டினால் போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த வகை டாங்கிள் முதலில் தன்னை வைஃபை என்று ஒப்புக்கொள்ளாது. விண்டோஸ் சாஃப்ட்வேர் வைத்திருக்கும் சிடி மாதிரி வந்து நிற்கும். அதை மாற்றச் சொல்லித் தனியாக உத்தரவு போட வேண்டும். அது எனக்குத் தெரியும், மறந்துவிட்டேன். அரை மணி நேரத்தில் போன் வந்தது.

"தம்பி, நான் நெட்டு கேட்டேன், நீங்க பென் டிரைவ குடுத்துட்டுப் போயிருக்கிய!"

டிரைவர் இல்லை

மறுபடி போனேன். உத்தரவு போட்டதும் டாங்கிள் வழிக்கு வந்தது, ஆனால் அதை இயக்கும் டிரைவர் என்ற சாஃப்ட்வேர் கம்ப்யூட்டரில் இல்லை. டிரைவரை நெட்டிலிருந்துதான் இறக்க வேண்டும். என் போனைக் கேபிளில் மாட்டி அதன் நெட்டைக் கொடுத்தால் இறக்கிவிடலாம், ஆனால் அந்த அறைக்குள் சிக்னல் கிடையாது. கேபிள் எட்டும் மட்டும் போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டு அண்ணாச்சி முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றார். நான் பிடிக்கிறேன் என்றாலும் விடவில்லை.

"நெட்டு வாரதுக்கே நெட்டு வேணும்னா, இதெல்லாம் எந்தப் புண்ணியவான் கண்டுபிடிச்சான் தம்பி?"

உப்புக் காற்று

மூன்று வாரம் ஓடியது. பிறகு டாங்கிளின் முனையில் பச்சை பூத்துவிட்டது. அங்கே உப்புக் காற்று கதவுத் தாழ்ப்பாளையே தின்றுவிடும், டாங்கிள் எம்மாத்திரம்? ரப்பரால் தேய்த்துச் சுத்தம் செய்து, நீள வயரில் உயரத்தில் தொங்கவிட்டேன். அண்ணாச்சி மருந்து டப்பா ஒன்றைக் கழுவிக் காயவைத்து அதற்கு உறை செய்தார். தினமும் காலையில் திறந்து துடைப்பாராம்.

"எம் மகளைக்கூட இப்படிப் பாத்ததில்ல தம்பி, அவ கேட்டா சண்டைக்கு வருவா."

அப்டேட்

இது என் தப்பு. பாஸ்வேர்டை எழுதி மானிட்டரில் ஒட்டியவன் நான்தான். ஒருநாள் திரையில் அப்டேட் செய்யவா என்று கேட்டிருக்கிறது. மரியாதையாகக் கேட்கிறதே என்று அண்ணாச்சி பாஸ்வேர்டைப் போட்டுவிட்டார். உள்ளே லினக்ஸின் அடிப்படையான கெர்னல் மாறியது, பழைய கெர்னலுக்குச் செய்த டிரைவர் செல்லாமல் போனது, நெட் நின்றது. நான் போய்ச் சேரும்போது மேடைக்கு முன்னால் ஏழு லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. முதலாளியின் மகன் போனில் கத்துவது வாசல் வரை கேட்டது. அண்ணாச்சியின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

அன்று ரோஷம் வந்துவிட்டது. எத்தனை அப்டேட் வந்தாலும் டிரைவர் தானே தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்படி செய்தேன். எடை காட்டும் மிஷினையும் நேராக நெட்டோடு சேர்த்தேன். ஒரு பட்டனைத் தட்டினால் எடை டவுனில் தெரியும். அண்ணாச்சி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"இனி என்னைய ஒருத்தனும் அசைக்க முடியாது தம்பி."

போன் வரவில்லை

நான்கு மாதம் அங்கிருந்து அழைப்பே இல்லை. எங்கள் தொழிலில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. ஒருநாள் அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். நாற்காலி காலி. லாரி வந்ததும் வாசல் காவலாளி எழுந்து வந்து பட்டனைத் தட்டிவிட்டு மறுபடி வாசலுக்குப் போனார். எடை எல்லாம் டவுனிலேயே தெரியும்போது இங்கே தனியாக ஓர் ஆள் எதற்கு என்று முதலாளியின் மகன் கேட்டாராம். அண்ணாச்சியை நிறுத்தி இரண்டு மாதம் ஆகியிருந்தது.

அன்றைக்கே அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நான் தடுமாற, அவர்தான் முந்திக்கொண்டார். குரலில் கோபம் துளியும் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அது இப்பம் ஒழுங்கா ஓடுதுல்லா, தம்பி?"

இத்தனை வருஷத்தில், திரும்ப என்னைக் கூப்பிடவே வேண்டாத அளவுக்கு நான் சுத்தமாகச் செய்து கொடுத்த ஒரே வேலை அதுதான்.