பிச்சாட்டூருக்கு அப்பால் ஒரு கிணற்றுத் தண்ணீர்

ஏரி, அணை என்றால் எனக்குப் பைத்தியம். "உனக்குத் தண்ணியிலதான் கண்டம்" என்று வீட்டில் கிண்டலடிப்பார்கள். இந்தத் தை மாதம், பொங்கல் கூட்டம் ஓய்ந்த பிறகு, பிச்சாட்டூர் அணை நிறைந்திருக்கிறது என்று கேள்விப்பட்டுக் கிளம்பினேன். திருப்பதியிலிருந்து புத்தூர் முப்பத்தைந்து கிலோமீட்டர். அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் பிச்சாட்டூர் இருபது. காலை ஆறரைக்கு ஏறினால் ஒன்பதுக்குள் போய்விடலாம். அணையைச் சுற்றிக் காட்ட ஆட்டோவுக்கு நானூறு ரூபாய் பேசினேன்.

ஆட்டோக்காரர் சேகர் (பெயரை மாற்றியிருக்கிறேன்) வாய் ஓயாத மனிதர். அணைக்கரையில் நின்றபோது அவர் மனைவியிடமிருந்து போன். திருச்சானூரில் கட்டிக்கொடுத்த மகள், ஏழு மாதம் நிறைந்தவள், சொல்லாமல் கொள்ளாமல் தாய்வீட்டுக்கு வந்துவிட்டாளாம். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் முகம் வெளுத்துவிட்டது. "அவள இன்னாத்துக்கு ஊட்டுக்குள்ள வுட்ட?" என்று கத்தினார். தலைப்பிரசவத்துக்கு வந்த பெண்ணை வீட்டுக்குள் விடாதே என்கிற அப்பனை நான் பார்த்ததே இல்லை. ஏதோ சண்டை போலிருக்கிறது என்று நினைத்து, "நானும் வரேன், போங்க" என்றேன்.

சேகரின் ஊர்ப் பெயரைக் கேட்காதீர்கள். அங்கே கல்யாணத்துக்குப் பெண்கள் இருக்கிறார்கள். தண்ணீர் விஷயம் வெளியே தெரிந்தால் ஒருத்தனும் பெண் கேட்டு வரமாட்டான். ஊரின் ஒரு பக்கம் முழுக்கப் பட்டாளத்து முள்வேலி. உள்ளே பழைய வெடிமருந்தைக் கொளுத்திப் புதைப்பார்களாம். வேலியோரம் வேர்க்கடலைச் செடி அப்படி ஒரு பச்சை. "அத்தினியும் பொக்கு சார். புடுங்கினா ஒரு கொட்ட இருக்காது" என்றார் சேகர். குட்டையில் தண்ணீர் கண்ணாடி மாதிரி, அடிமண் தெரிந்தது. பாசி இல்லை, மீன் இல்லை, தவளைச் சத்தம்கூட இல்லை. கரையில் ஒரு மாடு நின்றது, குனியவே இல்லை. கைப்பம்புக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து, குடிக்கக் கூடாது என்று தெலுங்கில் எழுதியிருந்தார்கள். பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் போன அதிகாரிகள் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லையாம்.

வாசலில் மகள் தேவகி, கை நிறைய வளையலோடு நின்றாள். எப்படி இருக்கிறாய் என்றுகூட சேகர் கேட்கவில்லை.

"தண்ணி குட்ச்சியா?"

"கேன் தண்ணிதான் நைனா."

"சோறு?"

அவள் அம்மா கஸ்தூரி தலையைக் குனிந்துகொண்டார். கேன் தண்ணீர் குடிக்க மட்டும்தான் கட்டுப்படியாகும். உலை வைப்பது கிணற்றுத் தண்ணீரில். "ஆசையா வந்த புள்ளைய பட்னி போடச் சொல்றியா?" என்று அழுதார்.

"எதிர்வூட்டு மருமவளுக்கு ரெண்டு வாட்டி கலஞ்சி போச்சே, மறந்துட்டியா? தேவுடா!" சேகர் தலையில் அடித்துக்கொண்டார். "நீ அழுதுக்கினு இரு. நான் இவள பஸ் ஏத்தி வுட்டுட்டு வரேன்." மகளின் பையைத் தூக்கி ஆட்டோவில் வைத்தார்.

அவர், மகள், நான், மூவரும் புத்தூருக்குக் கிளம்பினோம். பாதி வழியில் தேவகி கோபமே இல்லாமல் கேட்டாள்: "பொறந்ததிலேர்ந்து கல்யாணம் ஆவற வரைக்கும் அந்தத் தண்ணியதான நைனா குட்ச்சேன்? இப்ப என்னிய பஸ் ஏத்தி வுட்டா, அது ஒடம்ப வுட்டு எறங்கிப் பூடுமா?"

சேகர் வண்டியை ஓரம் கட்டினார். திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கிளப்பினார்.

போகிறவர்களுக்கு: மார்கழி, தை நல்ல பருவம். அணைக்கரையில் கடைகள் குறைவு; புத்தூரிலேயே சாப்பிட்டு, தண்ணீரும் வாங்கிக்கொள்ளுங்கள். வேலிப் பக்கம் கேமராவைத் தூக்க வேண்டாம்.

சித்திரை பிறந்துவிட்டது. தேவகிக்கு இந்நேரம் குழந்தை பிறந்திருக்கும். சேகரின் நம்பர் என் போனில் இருக்கிறது. தினமும் எடுத்துப் பார்க்கிறேன், கூப்பிடவில்லை. பயமாக இருக்கிறது.