நஸீராவை எழுப்பிய நாள்

கற்பிட்டியில் சுற்றுலாப் படகுகள் விடும் கம்பனியில் வேலை செய்கிறேன். எந்தப் படகு எங்கே நிற்கிறது என்று பார்க்கும் இணையத்தளத்துக்குப் பாஸ்வேர்ட் கிடையாது. பதிவுசெய்த போனில் விரல் வைத்தால்தான் திறக்கும். என் போனும் கூட வேலை செய்யும் நஸீராவின் போனும்தான் பதிவில் இருந்தன.

அன்று காற்று மூர்க்கமாகக் கிளம்பியது. என் கூடப்பிறந்த நானா ஓட்டிப்போன படகு மட்டும் திரும்பவில்லை. இறங்குதுறைக்கு ஓடிய பதற்றத்தில் என் போன் கடலில் விழுந்தது. தேடப் புறப்பட்டவர்கள், "எந்தப் பக்கம்?" என்று கத்தினார்கள். நான் அலுவலகத்துக்கு ஓடினேன்.

நஸீரா அன்று காலைதான் சிலாபம் ஆஸ்பத்திரியில் சிசேரியன் முடிந்து படுத்திருந்தாள். அலுவலகத் தொலைபேசியிலிருந்து அவளுடைய போனுக்கு அழைத்தேன். அவளுடைய உம்மா பேசினார்.

"அவ வலியில துடிச்சிட்டு இப்பதான் கண்ண மூடினா, மகள்."

"மாமி, நானா கடல்ல மாட்டிக்கிட்டார். அவள எழுப்புங்க!"

கொஞ்ச நேரத்தில் நஸீராவின் குரல் மெலிதாகக் கேட்டது. "அழாத. தொறந்துட்டேன். சொல்றேன், எழுது."

முனகி முனகி, படகு நின்ற இடத்தின் இலக்கங்களை வாசித்தாள். அங்கேதான் கவிழ்ந்த படகைப் பிடித்தபடி மிதந்த நானாவைத் தேடிப்போனவர்கள் மீட்டார்கள்.

பிறகு அவளுக்கு நன்றி சொல்லப் போனபோது அழுகைதான் வந்தது. அந்த நிலையில் அவளை எழுப்பினேனே என்ற கூச்சம் இன்னும் இருக்கிறது. மறுபடி நேர்ந்தாலும் எழுப்பத்தான் செய்வேன்.