மேசைக்கு அந்தப் பக்கம்

வளைகுடாப் பணத்தில் கட்டிய எங்கள் வீட்டைப் பார்க்கிறவர்கள், "எவ்வளவு பெரிய வீடு!" என்று வாயைப் பிளப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் கணவர் விடுப்பில் வந்து இறங்கினால் அத்தனை வீடும் அவர் கை எட்டும் தூரத்துக்குச் சுருங்கிவிடும். அது அவர்களுக்கு எங்கே தெரியும்?

அந்தத் தூரத்தை என் உடம்பு நன்றாகப் படித்துவைத்திருந்தது. ஒட்டி நின்றால் அடியில் வேகம் இராது. விலகி நின்றால் எட்டாது. கை முழுசாக நீளும் இடத்தில் மாட்டினால்தான் காது அடைத்துப்போகும். அடுக்களையில் ஃப்ரிட்ஜுக்கு முன்னால் அப்படி ஓர் இடம் உண்டு. அவர் ஊரில் இல்லாத மாதங்களிலும் அங்கே தோளைக் குறுக்கிக்கொண்டுதான் போவேன். சர்ச்சில் பக்கத்தில் இருப்பவள் முக்காட்டைச் சரிசெய்யக் கை தூக்கினாலும் என் தலை தானாகச் சாயும். வெட்கமாக இருக்கும்.

போன விடுப்பில் ஒரு காலை. அடுக்களை மேசையில் அவர் புட்டும் பயறும் தின்றுகொண்டிருந்தார். ஆறு வயது மகள் வந்தாள். அப்பாவின் பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள், அவர் கையைப் பார்த்தாள், சுற்றிப் போய் மேசையின் அந்தக் கோடியில் உட்கார்ந்தாள். அவளை அவர் ஒருநாளும் அடித்ததில்லை. என்னைப் பார்த்தே அளவெடுக்கப் படித்துவிட்டாள்.

"ஏட்டி, அங்க எதுக்குப் போற? இஞ்ச வா," என்றார். அவள் அசையவில்லை. எழுந்து போய்க் கை ஓங்கினார்.

நான் நடுவில் பாய்ந்தேன். அடி என் காதின் மேல் விழுந்தது. சுவரெல்லாம் சுற்றியது. அவர் மறுபடி ஓங்குவதற்குள், அடுப்பில் ஆவி பறந்த பித்தளைப் புட்டுக்குழலைத் துணியோடு பிடுங்கி அவர் மணிக்கட்டில் அடித்தேன். திரும்பவும் அடித்தேன். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. குழலிலிருந்து சிதறிய சுடுபுட்டு மார்பில் அப்பிக்கொள்ள, அவர் அலறினார். எனக்கு நிறைவாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

"இனி கை வச்சா மத்த கையையும் ஒடிப்பேன், பாத்துக்கிடுங்க," என்றேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து மாவுக்கட்டோடு வந்தவர், நான் நிற்கும் இடத்தைப் பார்த்துவிட்டு மேசையைச் சுற்றிக்கொண்டு போனார். ஃப்ரிட்ஜுக்கு முன்னால் நான் முதல்முறையாக நிமிர்ந்து நின்றேன்.

சாயங்காலம் மகளுக்குத் தலை வார, சீப்போடு கையைத் தூக்கினேன். அவள் தலை சட்டென்று சாய்ந்தது.

என் கை அந்தரத்திலேயே நின்றது. அடிபட்ட காதைவிட அது வலித்தது. தரையில் உட்கார்ந்து சீப்பை அவள் பக்கம் நீட்டினேன்.

"அம்மைக்கு நீ வாரி விடு மக்ளே."

எட்டாத தூரத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வந்தாள்.