மாணிக்கத்தின் டாங்கியை வழுவழுப்பாக்கியவர்களுக்கு

கராஜ்காரர்களே, எல்லாரும் சுகம்தானே? தகரம் தட்டுகிற ராஜேந்திரனுக்கு முதுகுவலி குறைந்ததா? குறைந்திருக்கட்டும். நான் திட்டப்போவதை நிமிர்ந்து நின்று கேட்க வேண்டும். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல உங்கள் கராஜ் கிளார்க் ஐயா எழுதி, உங்கள் சுவரிலேயே ஒட்டட்டும்.

பெயின்ட்டர் மாணிக்கம் போன செய்தி எனக்குத் தெல்தோட்டை பஸ்ஸில் வந்தது. மிதிபலகையில் தொங்கிய கண்டக்டர், "அண்ணே, ஒங்க கூட்டாளி கட்டுகஸ்தோட்ட மாணிக்கம் காலையில தவறிட்டாராம். உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் இருக்கு" என்றார். ஒரே மூச்சில் இரண்டும். சொந்த மாமியாரையே நிற்கவைத்துக் கூட்டிப்போகிற ஆள் அவர். அந்தக் கதை கிடக்கட்டும்.

பகலெல்லாம் மாணிக்கத்துக்கு என்ன வேலை? நெளிந்த பஸ்ஸுக்குப் பட்டி பூசி, சேண்ட் பேப்பரால் தேய்த்து, முகம் தெரிகிற மாதிரி பெயின்ட் அடிப்பது. வேலை முடிந்தால் பட்டாளத்து டாங்கி மாதிரியே உள்ளங்கை நீளத்தில் இருக்கும் பிளாஸ்டிக் பொம்மையை எடுத்துக்கொண்டு அதற்கு நேர்மாறான வேலை. பட்டியைத் தின்னரில் மோர் போலக் கரைத்து, பீரங்கி நீட்டிக்கொண்டிருக்கும் தலைப்பகுதியில் பூசி, காய்வதற்குள் பழைய பல் பிரஷால் குத்திக்கொண்டே இருப்பார். வார்ப்பிரும்பின் சொரசொரப்பு அப்படியே வந்துவிடும். சக்கரத்துக்கு எங்கள் தேயிலைத் தோட்டத்து ரோட்டு மண். நான்தான் கொண்டுவந்து கொடுப்பேன். சலித்து, பசையில் குழைத்து அப்புவார். "பகல்ல வழுவழுப்பாக்குன பாவத்துக்கு சாயங்காலம் பரிகாரம் பண்றேன்" என்பார்.

மைத்துனன் ராஜேந்திரன் சும்மா இருப்பானா? "புதுச் சாமான வாங்கிப் பழசாக்குறியே மச்சான். என் தங்கச்சியையும் அப்பிடித்தான் ஆக்குன."

"ஒழைச்ச இரும்பு ஒழைச்ச மாதிரி இருக்கணும் மச்சான்" என்பார் மாணிக்கம்.

சண்டைக் காலத்தில் ஒருநாள், பாலத்தடியில் நாங்கள் இருவரும் வந்த பஸ்ஸை நிறுத்திச் சோதித்தார்கள். மாணிக்கத்தின் மடியில் டாங்கிப் பொட்டலம். பிரித்த ஆமிச் சிப்பாய் அதன் தலையைத் தடவித் தடவிப் பார்த்தார். நிஜ டாங்கியும் கையை இப்படித்தான் கீறும் என்று சிங்களத்தில் சொல்லித் திருப்பிக் கொடுத்தார். "மொதல்ல பயத்துல கால் ஆடுச்சு, அப்பறம் சந்தோஷத்துல ஆடுச்சு" என்று மாணிக்கம் வீடுவரை சொல்லிக்கொண்டு வந்தார்.

செய்ததையெல்லாம் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டார். வீட்டில் மிஞ்சியது அந்த ஒரு டாங்கிதான். கருமாதியன்று படையலில் அவருக்குப் பிடித்த வடை, பிளேன்டீ, சுருட்டு எல்லாம் இருந்தன. நடுவில் கறுப்பாகப் பளபளவென்று ஒன்று. குனிந்தேன். அதில் என் முகம் தெரிந்தது.

"டாங்கிக்கு என்னடா ஆச்சு?"

"படையல்ல அழுக்கோட வைப்பாங்களாண்ணே?" என்றான் ராஜேந்திரன். "தேங்காத் தும்பு போட்டுத் தேச்சோம், மண்ணெல்லாம் போயிருச்சு. தலை சொரசொரன்னு இருந்துச்சு, சேண்ட் பேப்பர் போட்டோம். கராஜே சேந்து பெயின்ட் அடிச்சோம். நம்ம மாணிக்கத்துக்கு ஏனோதானோன்னு செய்வோமா?"

பாவிகளா! அத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே பார்த்தீர்களே, ஒருத்தனுக்காவது அது அழுக்கில்லை, அவர் வேலை என்று படவில்லையா? பாசத்தில்தான் செய்தீர்கள், தெரியும். அதனால்தான் வயிறு இன்னும் எரிகிறது. பகையாளி செய்திருந்தால் நாலு சாத்துச் சாத்திவிட்டு மறந்திருப்பேன்.

அவர் மனைவி லெட்சுமி அதை எடுத்து என் கையில் வைத்தாள். "கொண்டுபோயிருங்கண்ணே. விட்டா இவங்க கண்ணாடி மாட்டி ரூட் நம்பரும் எழுதிருவாங்க."

கொண்டுபோனேன். இன்று திரும்ப இந்தக் கராஜுக்கே கொண்டுவந்திருக்கிறேன். கெடுத்த கையாலேயே பட்டி கரைக்கட்டும் என்று ராஜேந்திரனை உட்காரவைத்திருக்கிறேன். குத்துகிற பல் பிரஷ் என் கையில். மாணிக்கத்தின் கை எனக்கு வராது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இந்தக் கோபம்தான். உழைத்த ஒன்றை யாராவது தேய்த்து மினுக்கினால் அது கிளம்பும். அதை ஆறவிட மாட்டேன். இனி உங்களில் எவனாவது இதன் பக்கத்தில் சேண்ட் பேப்பரோடு வந்தால், நான் அவனை...

"அண்ணே, கரைச்சாச்சு! வந்து குத்துங்க, காஞ்சிரப் போவுது!"